மூன்று வேளையும் அடுப்பெரியும் வீட்டில் சத்துக்குறை வருமா?

கேள்வி: குடியாத்தம் வாசகர், 8 ஜூன் 2025

சத்துக்குறை நோய் என்பது பஞ்ச காலத்துச் சங்கதி என்றே நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் யாரும் பட்டினி கிடந்ததில்லை. ஆனால் கல்லூரியில் நடந்த இரத்தப் பரிசோதனை முகாமில் என் மகளுக்கு ஹீமோகுளோபின் 8.4 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நன்றாகத்தான் சாப்பிடுகிறாள். பரிசோதனைதான் தவறு என்பது என் எண்ணம். தினமும் பீட்ரூட் சாறும் பேரீச்சம்பழமும் கொடுத்தால் இரத்தம் ஊறிவிடும் என்கிறார் என் மாமியார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

8 ஜூன், இரவு

பரிசோதனை தவறு என்று ஒதுக்கிவிடாதீர்கள் தம்பி. சந்தேகம் இருந்தால் நல்ல ஆய்வகம் ஒன்றில் மறுபடி பாருங்கள், இந்த வாரமே பாருங்கள். கருவுறாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனாலே இரத்தசோகை. 8க்குக் கீழே போனால் கடுமையானது. உங்கள் மகள் அந்தக் கோட்டை ஒட்டி நிற்கிறாள். சாறு பிழிந்து பார்த்துக் காத்திருக்க இது நேரமில்லை. மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

நான் ஒடுகத்தூர், அணைக்கட்டுப் பக்கத்து ஊர்களில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். 'நன்றாகத்தான் சாப்பிடுகிறாள்' என்ற பதிலை நான் நுழைந்த வீடுகளில் எல்லாம் கேட்டிருக்கிறேன். பொய் சொல்லவில்லை அவர்கள். தட்டு நிறையச் சோறு இருந்தது. அந்தச் சோற்றில் என்ன இருந்தது, அதோடு என்ன இருந்தது என்று கேட்டால்தான் வீடு அமைதியாகிவிடும்.

நேற்று அவள் காலையிலிருந்து இரவு வரை சாப்பிட்டது என்ன என்று எழுதுங்கள். தேநீரையும் சேர்த்து எழுதுங்கள்.

9 ஜூன்

பட்டியல் பார்த்தேன். காலையில் அவசரமாக இரண்டு இட்லி, தேங்காய்ச் சட்னி. மதியம் டப்பாவில் தக்காளிச் சோறு. மாலையில் தேநீர், பன். இரவு ரசம் சோறு, அப்பளம்.

கணக்குப் போடுவோம். தீட்டிய அரிசி 100 கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புச்சத்துகூட இல்லை. நாள் முழுவதற்கும் 400 கிராம் அரிசி சாப்பிட்டாலும் மூன்று மில்லிகிராமைத் தொடுவதே பெரிது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வளர்ந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும். ஆணுக்கு 19. மாதவிலக்கில் இழப்பதால்தான் பெண்ணுக்கு அதிகம். உடல் உழைப்பைப் பார்த்துச் சோற்றை ஆணுக்கு அதிகம் வைக்கலாம். பருப்பு, கீரை, முட்டை, மீன், ஈரல் இவற்றில் பெண்ணுக்குக் குறைவு வைக்க ஒரு காரணமும் இல்லை. நம் வீடுகளில் நடப்பது தலைகீழ்.

பீட்ரூட்டின் சிவப்பு, இரத்தத்தின் சிவப்போடு சம்பந்தமில்லாத நிறமி. இரும்பு அதில் மிகச் சொற்பம். ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் உண்டு, சாப்பிடட்டும். பேரீச்சம்பழமும் நல்ல பழம்தான். ஆனால் 8.4இல் இருப்பவளை இந்த இரண்டும் மேலே கொண்டுவரா. அதற்கு இரும்புச்சத்து மாத்திரை வேண்டும்.

9 ஜூன், மாலை

விட்டுப்போன ஒன்று. சாப்பாட்டோடும், சாப்பிட்ட கையோடும் தேநீர் வேண்டாம். தேயிலையில் உள்ள டானின் என்ற பொருள், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைக் குடல் உறிஞ்சவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும். எலுமிச்சை, நெல்லி, கொய்யா இவற்றின் வைட்டமின் சி அதற்கு நேர்மாறு. உறிஞ்சுவதைக் கூட்டும். குடியாத்தம் சந்தையில் கொய்யாவுக்குப் பஞ்சமில்லை. சோற்றுக்குப் பின் தேநீர் என்ற வழக்கத்தைச் சோற்றுக்குப் பின் கொய்யா என்று மாற்றினாலே பாதி வேலை நடக்கும்.

11 ஜூன்

'அவள் அரிசி மூட்டையிலிருந்து பச்சரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொள்வாள், அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா' என்று தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். உண்டு.

அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை பெய்யும் என்று சொல்லிச் சொல்லியே பெண் பிள்ளைகளைக் கேலி செய்து வளர்த்த ஊர் நம்முடையது. பச்சரிசி, சாம்பல், திருநீறு, பலப்பம், சுவர்மண், அடுப்பு மண் — இவற்றில் எதன் மேலாவது ஒரு பெண்ணுக்கு அடங்காத ஆசை வந்தால் முதலில் அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். இளஞ்சிவப்பு போய் வெளுத்திருக்கும். உடலில் இரும்பு குறையும்போது இப்படி உணவல்லாததைத் தின்னத் தோன்றுவது மருத்துவத்தில் நன்கு பதிவான அறிகுறி. இரும்புச்சத்து ஏறியதும் பல பேருக்கு அந்த ஆசை தானாக நின்றுபோகும். கர்ப்பிணிகளிடம் நான் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மசக்கை என்று சிரித்துக் கடந்துபோவதில் ஒரு நோய் ஒளிந்துகொள்கிறது.

நகம் குழிந்து கரண்டி போல் ஆவது, உதட்டோரம் வெடிப்பது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, படிப்பில் மனம் நிற்காதது எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். கடைசியாகச் சொன்னதற்காகத் திட்டு வாங்கிய பிள்ளைகள் எத்தனை பேர்!

14 ஜூன்

யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள்?

இதைக் கேட்காமல் இரத்தசோகை பற்றிப் பேசுவதில் பயனில்லை என்று நம்புகிறேன். வீட்டு வருகையின்போது நான் பரிசோதனைப் பெட்டியைத் திறக்கும் முன் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்ப்பேன். கணவருக்கும் பையனுக்கும் குழம்பிலிருந்த கருவாடு போயிருக்கும். மாமனாருக்குத் தயிர். மருமகள் உட்காரும்போது குழம்புச் சட்டியில் வழித்துப் போட்ட சாறும், வடித்த சோறும் மீந்திருக்கும். அவளுக்கு வயிறு நிறையும். எட்டாம் மாதக் கர்ப்பிணி அவள்.

யாரும் அவளைக் கொடுமைப்படுத்தவில்லை. மாமியாரும் அப்படித்தான் சாப்பிட்டு வந்தவர், அவருக்கும் கீழ் இமை வெளுத்துத்தான் இருந்தது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். இவ்வளவு மருத்துவமனைகளும் ரேஷன் கடைகளும் உள்ள தமிழ்நாட்டிலேயே 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை. அரிசி இல்லாததால் வந்ததல்ல இது. பாத்திரம் சுற்றிவருகிற வரிசையால் வருகிறது.

எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். முடியாத வீட்டில், கர்ப்பிணியின் பங்கை முதலிலேயே எடுத்துத் தனிக் கிண்ணத்தில் மூடி வைக்கச் சொல்வேன். சில மாமியார்கள் அதைப் பிடித்துக்கொண்டு, எனக்கு முன்பாகவே பக்கத்து வீட்டுக்கும் சொல்லத் தொடங்கினார்கள். மாத்திரையைவிட அவர்களால்தான் அதிகம் நடந்தது.

19 ஜூன்

ஆரணி வாசகர் கோபமாக எழுதியிருக்கிறார். 'இந்த மாத்திரை, ஊசி எல்லாம் வேண்டாம். நம் முன்னோர் கூழும் களியும் குடித்து நோயில்லாமல் வாழ்ந்தார்கள். அதற்குத் திரும்பினால் போதும்.'

கூழின் பெருமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. கேழ்வரகு 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து. அரிசியில் 10 மில்லிகிராம் இருந்தாலே அதிகம். வேறெந்தத் தானியமும் அருகில் வர முடியாது. ஜவ்வாது மலையின் சாமையும் தீட்டிய அரிசியைவிட நல்லது. ஆனால் கேழ்வரகில் உள்ள இரும்பை ஃபைட்டேட் என்ற பொருள் பிடித்து வைத்திருக்கும். ஊறவைத்து முளைகட்டினால் அது குறையும், மாவைப் புளிக்கவைத்தாலும் குறையும். இரவே மாவு கரைத்துப் புளிக்கவிட்டுக் கூழ் காய்ச்சிய பாட்டிகளுக்கு ஃபைட்டேட் என்ற பெயர் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை, கைப்பக்குவம் தெரிந்திருந்தது. கூழோடு தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரையும் கருவாடும் இருந்தன. இன்று உடனடி மாவில் காய்ச்சி, மாங்காய் ஊறுகாயோடு குடித்துவிட்டுப் பாட்டியின் உணவு என்கிறோம்.

முன்னோர் நோயில்லாமல் வாழ்ந்தார்கள் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். அடுத்த குறிப்பில் சொல்கிறேன்.

20 ஜூன்

தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. வேலூர் அடங்கிய பழைய வட ஆர்க்காடு மாவட்டமும் அதில் மாட்டியது. வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்பவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், போதும் என்று கணக்கிட்டுக் கூலியைக் குறைத்தார். மண் வெட்டிச் சுமக்கிறவனுக்கு! சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் அதைக் கடுமையாக எதிர்த்தார். தானியத்தின் அளவைக் கூட்டுங்கள், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும், வெறும் தானியத்தில் மனிதன் உழைத்து உயிர் வாழ முடியாது என்று வாதாடினார். எதிர்ப்பு வலுத்த பிறகே 1877இல் கூலியை உயர்த்தினார்கள். அதற்குள் முகாம்களில் மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்திருந்தார்கள்.

வைட்டமின் என்ற சொல்லே பிறக்காத காலம் அது. காசிமிர் ஃபங்க் என்ற அறிவியலாளர் அந்தப் பெயரை வைத்தது 1912இல். ஆனாலும் கார்னிஷ் சரியான கேள்வியைக் கேட்டுவிட்டார். தானியம் மட்டும் போதுமா? கிட்டத்தட்ட 150 ஆண்டுகள் கழித்து, குடியாத்தத்தில் ஒரு தகப்பனாரின் மகளுக்காக நாம் அதே கேள்வியில் நிற்கிறோம்.

20 ஜூன், சற்று நேரம் கழித்து

முன்னோர் பற்றி இன்னொன்று. 1960களின் தொடக்கத்தில் வட ஆர்க்காட்டு ஊர்களில் ஒரு பேதி கொள்ளைநோயாகப் பரவியது. வெப்பமண்டல ஸ்ப்ரூ என்பார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர், வி. ஐ. மத்தன் ஆகியோர் அதை ஊர் ஊராகப் போய் ஆராய்ந்தார்கள். உண்டது உடலில் ஒட்டாது. குடல் உறிஞ்சாது. உடலில் வைட்டமின் பி12, ஃபோலிக் அமிலம் குறைந்து, இரத்தம் வற்றி, ஆள் எலும்பாவார். இதற்குக் காரணம் இந்த ஒரு கிருமிதான் என்று இன்றுவரை யாராலும் சுட்ட முடியவில்லை.

தட்டில் இருப்பது பாதிக் கதைதான். குடல் மீதிக் கதை. பின்னாளில் வேலூர் நகரக் குடிசைப் பகுதிக் குழந்தைகளையும் சேர்த்து எட்டு நாடுகளில் நடந்த 'மால்-எட்' ஆய்விலும், பேதியே போகாத குழந்தையின் குடலில்கூடக் கிருமித் தொற்று மறுபடி மறுபடி வந்து வளர்ச்சியைத் தின்பது தெரிந்தது. எனவே கழிப்பறையும் காய்ச்சிய நீரும் செருப்பும் ஊட்டச்சத்து விஷயங்கள். செருப்பைச் சேர்த்தது கொக்கிப்புழுவுக்காக. அது பாதத்தின் தோலைத் துளைத்து ஏறி, குடலில் ஒட்டி இரத்தத்தைக் குடிக்கும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் கொடுக்கும் அல்பெண்டசோல் என்ற குடற்புழு மாத்திரையைப் பிள்ளைகள் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடாமல் அங்கேயே மென்று விழுங்கட்டும்.

26 ஜூன்

குடியாத்தம் தம்பி எழுதியிருக்கிறார். மறுபரிசோதனையிலும் 8.6. மருத்துவர் மாத்திரை கொடுத்திருக்கிறார். மலம் கறுப்பாகப் போகிறது, குமட்டுகிறது, நிறுத்திவிடலாமா என்று மகள் அழுகிறாளாம்.

நிறுத்தக் கூடாது. கறுப்பாவது உறிஞ்சாமல் மிஞ்சிய இரும்பால். பயப்பட ஒன்றுமில்லை. குமட்டினால் இரவு படுக்கப்போகும் முன் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வெறும் வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போடலாம். பாலோடும் தேநீரோடும் வேண்டாம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் சில மாதங்கள் தொடரச் சொல்வார்கள், உடலின் சேமிப்பு நிரம்ப வேண்டும் என்பதற்காக. மாதவிலக்கு அதிகமாகப் போகிறதா என்று அவள் அம்மா கேட்கட்டும். அதைக் கவனிக்காமல் மாத்திரையை மட்டும் கொடுத்தால் ஊற்றுவதும் ஒழுகுவதுமாகவே இருக்கும்.

நான் வேலையில் இருந்தபோது கர்ப்பிணிகளுக்குக் கொடுத்த இந்த மாத்திரைப் பட்டைகளை எங்கெல்லாம் கண்டெடுத்தேன் தெரியுமா? ஓட்டுச் சந்தில், அரிசிப் பானைக்குள், மாட்டுக் கொட்டகை இறவாணத்தில். மாத்திரை போட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும், குழந்தை பெரிதாகிப் பிரசவம் கஷ்டமாகும் என்ற பயம். எங்களிடம் மேலதிகாரிகள் கேட்டதெல்லாம் எத்தனை மாத்திரை கொடுத்தீர்கள் என்றுதான். எத்தனை மாத்திரை வயிற்றுக்குள் போனது என்று ஒரு படிவத்திலும் கட்டம் இல்லை. அந்த ஆதங்கம் எனக்கு இன்றும் ஆறவில்லை. உட்கார்ந்து பேசி, என் கண் முன்னால் ஒன்றை விழுங்கவைத்துவிட்டு எழுந்த வீடுகளில்தான் இரத்தம் ஏறியது.

3 ஜூலை

ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் கலந்திருக்கிறதா? காட்பாடியிலிருந்து படம் போட்டிருக்கிறார்கள். கழுவும்போது மஞ்சளாக மிதக்கும் சில மணிகள்.

பிளாஸ்டிக் இல்லை. செறிவூட்டிய அரிசி. அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துப் பிசைந்து, இயந்திரத்தில் அரிசி வடிவத்திலேயே பிழிந்து எடுத்த மணிகள். நூறு பங்கு சாதாரண அரிசிக்கு ஒரு பங்கு கலக்கிறார்கள். நிறமும் எடையும் சற்று வேறுபடும், அதனால் சில மிதக்கும். அவற்றைப் பொறுக்கி எறிகிற வீட்டில் சத்தைப் பொறுக்கி எறிகிறார்கள். தலசீமியா போன்ற இரத்த நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இது போதுமா என்றால், போதாது. ஒரு கிலோ அரிசியில் 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை இரும்பு இருக்கும்படி சேர்க்கிறார்கள். 400 கிராம் சாப்பிடுகிற பெண்ணுக்கு அதிலிருந்து 11 முதல் 17 கிடைக்கும், அதிலும் ஒரு பகுதிதான் உறிஞ்சப்படும். உதவி என்று ஏற்றுக்கொள்கிறேன். கீரைக்கும் பருப்புக்கும் மாற்று என்று யாராவது சொன்னால் ஏற்க மாட்டேன்.

4 ஜூலை

அரிசி பற்றிப் பேச்சு வந்ததால். புழுங்கல் அரிசி சாப்பிடும் நம் வழக்கத்தைக் குறைவாக நினைக்காதீர்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஓரளவு தங்கும். பச்சரிசியைப் பளபளவென்று தீட்டித் தின்ற ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி நோய் இருந்தது. கால் மரத்து வீங்கி, இதயம் களைத்துப் போகும் நோய். புழுங்கல் சாப்பிட்ட தமிழ் மாவட்டங்கள் பெரும்பாலும் தப்பின. குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வகத்தில் மக்காரிசனும், பிறகு அய்க்ராய்டும் இதைத்தான் ஆராய்ந்தார்கள். அந்தக் குன்னூர் ஆய்வகம்தான் 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. 9 ஜூனில் நான் சொன்ன 29 மில்லிகிராம் அங்கிருந்து வந்த எண்தான்.

அதே குன்னூரில் லூசி வில்ஸ் என்ற மருத்துவரும் வேலை பார்த்தார். பம்பாயின் ஏழை நெசவாலைப் பெண்களுக்குக் கர்ப்பத்தில் வந்த ஒருவகை இரத்தசோகை, ஈஸ்ட் சாற்றில் குணமாவதை 1931இல் எழுதியவர். அந்த ஈஸ்ட் சாற்றில் இருந்ததுதான் பின்னாளில் ஃபோலிக் அமிலம் எனப்பட்டது. கர்ப்பிணிக்கு நாம் தரும் ஒவ்வொரு மாத்திரையிலும் அவருடைய உழைப்பு இருக்கிறது. பெண்களிடம் போய், அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்து கேட்டவர் என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம்.

22 ஜூலை

ஆடி பிறந்துவிட்டது. எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் கூழ் வார்த்தார்கள். அண்டாவில் முருங்கைக்கீரைப் பொரியலும் இருந்தது, கருவாட்டுக் குழம்பும் இருந்தது. ஆரணி வாசகருக்காகச் சொல்கிறேன். இப்படிக் குடியுங்கள், நானும் உங்களோடு வந்து குடிக்கிறேன்.

2 ஆகஸ்ட்

'சர்க்கரை வியாதி கொழுத்தவர்களுக்கு மட்டும் வருவதுதானே, அதற்கும் சத்துக்குறைக்கும் என்ன சம்பந்தம்' என்று கேட்கிறார் வாலாஜா வாசகர். சம்பந்தம் உண்டு. அதை வேலூர் மருத்துவர்களே காட்டியிருக்கிறார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் மலையடிவார ஊர் ஒன்றில் ஒரு இளைஞர். விலா எலும்பை எண்ணலாம். சர்க்கரை 400க்கு மேல். சிறுவயதில் அரைவயிற்றோடு வளர்ந்தவர். எங்கோ இன்சுலின் எழுதிக் கொடுத்து, மற்றவர்களுக்குச் சொல்வதையே இவருக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். காலையில் ஊசி போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார். சாப்பாடு கிடைத்தால் உண்டு. ஒரு நாள் வரப்பிலேயே மயங்கி விழுந்தார். வாயில் வெல்லக் கரைசல் வைத்துத் தேற்றினார்கள். ஒல்லியாக இருப்பவருக்கு ஏன் இந்த நோய் என்று அவர் மனைவி என்னைக் கேட்டார். சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை.

இப்போது இருக்கிறது. ஊட்டக்குறையோடு தொடர்புடைய இந்த நீரிழிவை 1955இலேயே ஜமைக்காவில் கவனித்து எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனம் 1985இல் அதைத் தனி வகையாகச் சேர்த்தது, போதிய சான்று இல்லை என்று 1999இல் நீக்கியது. 2022இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நிகால் தாமஸ் குழுவும், நியூயார்க்கில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியின் மெரிடித் ஹாக்கின்ஸ் குழுவும் சேர்ந்து, இத்தகைய ஒல்லியான நோயாளிகளின் உடலில் இன்சுலின் சுரப்பே குறைவு என்று அளந்து காட்டினார்கள். பருத்தவர்களுக்கு வரும் இரண்டாம் வகையில் இன்சுலின் இருந்தும் உடல் அதற்கு மசிவதில்லை. இங்கே உடல் மசிகிறது, இன்சுலின்தான் போதவில்லை. 2025 ஜனவரியில் பன்னாட்டு மருத்துவர்கள் வேலூரில் கூடிப் பேசினார்கள். ஏப்ரலில் பாங்காக்கில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதை ஐந்தாம் வகை நீரிழிவு என்று ஏற்றுக்கொண்டது. உலகில் 2 முதல் 2.5 கோடிப் பேருக்கு இது இருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பீடு.

இந்தப் பெயர் நோயாளிக்கு என்ன தரும்? இன்சுலின் அளவை அளந்து கொடுக்க வேண்டும், அடுத்த வேளை உணவு நிச்சயமில்லாதவருக்கு அதிக இன்சுலினே ஆபத்து என்று மருத்துவர் நினைவில் வைத்துக்கொள்வார். உணவைக் குறை என்று சொல்லாமல், பருப்பும் முட்டையும் கூட்டு என்று சொல்வார். இது உயிர் காக்கும் வேறுபாடு.

3 ஆகஸ்ட்

நேற்றைய குறிப்பை வைத்து, ஒல்லியானவர்கள் எல்லாருக்கும் ஐந்தாம் வகை என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். ஒல்லியான இளைஞருக்கு முதல் வகையும் வரும், கணையக் கல்லாலும் வரும். பிரித்துச் சொல்வது மருத்துவர் வேலை. இன்சுலினைத் தானாக நிறுத்துவது கூடவே கூடாது.

பருத்தவர் கதையும் பசியோடு தொடர்புள்ளதுதான். 1969 முதல் 1973 வரை வேலூர் நகரிலும் கே.வி.குப்பம் பக்கத்துக் கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளைப் பதிவு செய்து, வளர்ந்த பிறகு மறுபடி தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். சிறுவயதில் மெலிந்திருந்து, பின்னாளில் வேகமாக எடை கூடியவர்களிடம் சர்க்கரைக் கோளாறு அதிகம் தென்பட்டது. கர்ப்பிணியின் கிண்ணம் பற்றி 14 ஜூனில் எழுதியது இங்கேயும் வந்து சேர்கிறது. அவள் தட்டில் குறைவது, அவள் பிள்ளையின் முப்பதாவது வயதில் இரத்தப் பரிசோதனைச் சீட்டில் வரும்.

9 ஆகஸ்ட்

வேலூர் வெயிலில் வைட்டமின் டி குறையுமா? குறைகிறது. பக்கத்துத் திருப்பதி வட்டாரத்தில் நடந்த ஆய்வுகளிலேயே கிராமத்தாரிடம்கூடப் பற்றாக்குறை கண்டார்கள். பேரணாம்பட்டிலும் குடியாத்தத்திலும் பீடி சுற்றும் பெண்கள் விடிந்ததிலிருந்து வீட்டுக்குள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வெயில் தெருவில் அடிக்கிறது, அவர்கள் தோலில் படுவதில்லை. இடுப்பு வலி, தொடை வலி, தரையிலிருந்து கையூன்றாமல் எழ முடியாமை என்று சொன்னால் வயசுக் கோளாறு என்று தைலம் தேய்க்காதீர்கள். ஒரு பரிசோதனை செய்யுங்கள்.

காலை இளவெயில்தான் நல்லது என்று ஒருவர் எழுதியிருப்பது சரியல்ல. டி வைட்டமினை உண்டாக்கும் கதிர் அதிகாலையில் மிகக் குறைவு. பத்து மணிக்கு மேல்தான் போதிய அளவு வரும். வேலூர்ச் சித்திரையில் அந்த நேரத்தில் யாரையும் நிற்கச் சொல்ல மாட்டேன். மற்ற மாதங்களில், கை கால் வெயிலில் பட, துணி காயப்போடுகிற நேரத்தைப் பத்தரைக்கு வைத்துக்கொள்ளலாம். பற்றாக்குறை அதிகமிருந்தால் மருத்துவர் சொல்லும் மருந்துதான் வழி.

10 ஆகஸ்ட்

மாலைக்கண் பற்றிக் கேட்டவருக்கு: நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் விளக்கு வைக்கும் நேரத்தில் சுவரைத் தடவி நடக்கும் குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கும் வைட்டமின் ஏ திரவமும், தட்டம்மைத் தடுப்பூசியும் வந்த பிறகு அது வெகுவாகக் குறைந்தது. ஒன்பது மாதம் முதல் ஐந்து வயது வரை அதைத் தவறவிடாதீர்கள். கொல்லையில் முருங்கையும் பப்பாளியும் இருந்தால் அந்த வீட்டுக் குழந்தையின் கண்ணுக்குப் பெரிய காவல். கீரையைக் கொஞ்சம் எண்ணெய் விட்டு வதக்குங்கள், கொழுப்பு இல்லாமல் அந்தச் சத்து உடலில் சேராது.

17 ஆகஸ்ட்

சத்துணவு முட்டை வேண்டுமா வேண்டாமா என்று மூன்று பேர் சண்டை போட்டிருக்கிறார்கள். என் கட்சி வெளிப்படை: வேண்டும். 1982 ஜூலை 1இல் தொடங்கிய சத்துணவில் முட்டை பிறகுதான் சேர்ந்தது. சேர்ந்த பின் பள்ளி வருகை எப்படி மாறியது என்று எந்த அமைப்பாளரை வேண்டுமானாலும் கேளுங்கள். நல்ல புரதமும் பி12உம் தாவர உணவில் கிடைக்காத அளவுக்கு அதில் உள்ளன. சாப்பிடாத குழந்தைக்குக் கொண்டைக்கடலை, வாழைப்பழம் கொடுக்கட்டும். ஒருவர் வேண்டாம் என்பதற்காக எல்லார் தட்டிலிருந்தும் எடுக்க வேண்டியதில்லை.

முழுச் சைவ வீட்டார் பி12க்குப் பாலையும் தயிரையும் விட்டுவிடாதீர்கள். கை கால் மரத்துப்போவது, நாக்கு எரிவது, மறதி இருந்தால் அதையும் பரிசோதியுங்கள்.

31 ஆகஸ்ட்

ஆம்பூரிலிருந்து ஒரு இளம் தாய். குழந்தைக்கு ஆறு மாதம் முடிகிறது, என்ன கொடுப்பது, மாமியார் தண்ணீராகக் கஞ்சி கொடுக்கச் சொல்கிறார் என்று கேட்டிருக்கிறார்.

தண்ணீராக வேண்டாம் அம்மா. குழந்தையின் இரைப்பை சிறியது, தண்ணீர் நிறைந்தால் உணவுக்கு இடமிருக்காது. கரண்டியைச் சாய்த்தால் சட்டென்று வழிந்துவிடாத பதத்தில் இருக்கட்டும். முளைகட்டிய கேழ்வரகை உலர்த்தி வறுத்து அரைத்த மாவு, அதில் பாதியளவு வறுத்த பாசிப்பருப்பு மாவு. காய்ச்சியதும் அரைத் தேக்கரண்டி நெய்யோ எண்ணெயோ விடுங்கள். சில நாள் கழித்து மசித்த கீரை, மசித்த பப்பாளி, பிறகு நன்றாக வேகவைத்த முட்டை. ஒவ்வொரு புது உணவுக்கும் இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியும். தாய்ப்பாலை இரண்டு வயது வரை விடாதீர்கள். அங்கன்வாடியில் தரும் சத்துமாவையும் வாங்குங்கள். அது குழந்தையின் பங்கு, வீட்டார் அடை தட்டிச் சாப்பிடுவதற்கு அல்ல.

தேநீரில் நனைத்த பிஸ்கட்டும் பன்னும் கொடுக்கும் வழக்கம் உங்கள் பக்கத்திலும் இருக்கும். ஒரு வாய்கூட வேண்டாம். அங்கன்வாடியில் எடை பார்க்கும் நாளில் உயரத்தையும் அளந்து அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள், அடுத்த மாதம் அதே அட்டையைக் கொண்டு போங்கள். அட்டையில் வளர்ச்சிக் கோடு ஏறாமல் படுத்தால் உடனே இங்கே எழுதுங்கள், நான் பார்க்கிறேன்.